மீட்டியோர் தெரு, 23-ஆம் எண் வீடு: 'ஸ்பேஸ்டு' தொடர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பிரிட்டிஷ் காமெடி சீரியல் ஒன்று சொல்லுங்கள், ஆனால் ரொம்ப நீளமாக இருக்கக் கூடாது" என்று யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது 'ஸ்பேஸ்டு'தான். பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பார்ப்பதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதிவைக்கிறேன். முடிவு தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள், "டிம்மும் டெய்ஸியும் கடைசியில் சேர்கிறார்களா?" என்ற கேள்வியை மட்டும் தாண்டிப் போய்விடுங்கள்.

இது என்ன தொடர்? எப்போது வந்தது?

பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் 1999 செப்டம்பர் 24 அன்று தொடங்கியது. முதல் சீசனில் 7 எபிசோடு, 2001-இல் வந்த இரண்டாம் சீசனில் 7 எபிசோடு. மொத்தமே 14. ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு சனி, ஞாயிறு போதும், முழுவதும் பார்த்துவிடலாம். எழுதியவர்கள் சைமன் பெக், ஜெசிகா ஹைன்ஸ். முக்கிய வேடங்களில் நடித்தவர்களும் அவர்களே. 14 எபிசோடையும் இயக்கியவர் எட்கர் ரைட். தொடர் ஆரம்பித்தபோது அவருக்கு வயது 25.

கதை என்ன?

டிம் பிஸ்லி காமிக்ஸ் வரைகிறவன். காதலி சாரா அவனை விட்டுவிட்டு அவனுடைய நண்பன் டுவேனோடு போய்விட்டாள். தங்க இடம் இல்லை. டெய்ஸி ஸ்டெய்னர் எழுத்தாளர் ஆக நினைப்பவள். அவள் இருப்பதோ, ஆளில்லாத கட்டடத்தில் பலர் கூடிக் குடியேறியிருக்கும் ஓர் இடத்தில். லண்டனில் ஒரு காபிக் கடையில் இருவரும் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். இருவர் கையிலும் வாடகை வீட்டு விளம்பரங்கள். தனித்தனியாகத் தேடி அலுத்துப் போய், அதே கடையில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து பேசுகிறார்கள்.

கடைசியில் வடக்கு லண்டனில், மீட்டியோர் தெரு 23-ஆம் எண்ணில், மலிவான வாடகைக்கு நல்ல வீடு ஒன்று கண்ணில் படுகிறது. ஆனால் விளம்பரத்தில் ஒரு நிபந்தனை: வேலை பார்க்கும் தம்பதிக்கு மட்டும்தான் வீடு. இவர்கள் தம்பதியும் இல்லை, வேலை என்று சொல்லிக்கொள்ள இருவரிடமும் பெரிதாக எதுவும் இல்லை. சரி, ஜோடி என்று சொல்லிவிடுவோம் என்று முடிவு செய்து, ஒருவர் விவரத்தை ஒருவர் மனப்பாடம் செய்துகொண்டு போய் வீட்டுக்காரம்மா முன்னால் நிற்கிறார்கள். வீடு கிடைத்துவிடுகிறது. அந்த ஒரு பொய்யின் மேல்தான் 14 எபிசோடும் நிற்கின்றன.

இதைக் கேட்டால் பழைய நாடகங்களில் வரும் ஆள்மாறாட்டக் கதை மாதிரி இருக்கும். வீட்டுக்காரம்மா வரும்போதெல்லாம் ஓடி ஒளிவதும் கட்டிலை மாற்றிப் போடுவதுமாகப் போகும் என்று நானும் எதிர்பார்த்தேன். அப்படி இல்லை. பொய் ஓர் ஓரமாகக் கிடக்கிறது. இருபதுகளின் பின்பாதியில் இருக்கும் இரண்டு பேர், செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் எப்படி நாளைக் கழிக்கிறார்கள், நடுவில் எப்படி நண்பர்கள் ஆகிறார்கள் என்பதுதான் கதை.

எழுத்தாளர் ஜோடியின் கதை என்கிறார்களே, டிம்மும் டெய்ஸியும் சேர்ந்து எழுதுகிறார்களா?

இல்லை. திரையில் டெய்ஸி எழுதுகிறவள், டிம் வரைகிறவன். இருவருக்கும் தனித்தனி மேசை, தனித்தனிக் கனவு. சேர்ந்து எழுதும் ஜோடி இருப்பது திரைக்கு வெளியே. பெக்கும் ஹைன்ஸும் 1995-இல் ஐடிவியில் வந்த 'சிக்ஸ் பேர்ஸ் ஆஃப் பேண்ட்ஸ்' என்ற நிகழ்ச்சியில் நடித்தவர்கள். அடுத்த ஆண்டு 'அசைலம்' என்ற தொடரிலும் சேர்ந்து நடித்தார்கள், அதை இயக்கியவர் எட்கர் ரைட். அதன் பிறகு இருவரையும் வைத்து ஒரு நகைச்சுவைத் தொடர் எடுக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, நடிப்பதென்றால் நாங்களே எழுதுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பிடிவாதத்தால் கிடைத்ததுதான் இந்தத் தொடர்.

இந்த விவரம் முக்கியம் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. ஆண் ஒருவர் எழுதும் நகைச்சுவைத் தொடர்களில் பெண் பாத்திரத்துக்குப் பெரும்பாலும் ஒரு வேலைதான் இருக்கும். ஆண் கோமாளித்தனம் செய்வான், அவள் தலையில் கை வைத்துக்கொண்டு "போதும் நிறுத்து" என்பாள். டெய்ஸி அப்படி இல்லை. டிம் எவ்வளவு உருப்படாதவனோ, அவளும் அவ்வளவு உருப்படாதவள். பொய் சொல்கிறாள், சோம்பேறித்தனம் செய்கிறாள், தன்னைப் பற்றி மிகையாகப் பேசுகிறாள், நடுவில் உளறுகிறாள், பொறாமைப்படுகிறாள். பெண் என்பதற்காக அவளைப் புத்திசாலியாக்கி ஓரத்தில் உட்கார வைக்கவில்லை. பாதிப் பக்கங்கள் ஒரு பெண்ணின் கையில் இருந்ததால் வந்த பலன் இது.

டெய்ஸி ஏன் எழுதவே மாட்டேன் என்கிறாள்?

எழுதுகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள், அவர்களுக்கே பதில் தெரியும். முதல் சீசனின் இரண்டாவது எபிசோடைப் பாருங்கள். அவள் எழுத உட்கார வேண்டும். வீடு இருக்கிறது, மேசை இருக்கிறது, நேரமும் இருக்கிறது. எழுதுவதற்குப் பதிலாக என்ன செய்கிறாள்? புது வீட்டுக்கு வந்ததைக் கொண்டாட ஒரு விருந்து வைக்கப் போவதாக அறிவிக்கிறாள். உடனே அவள் உடம்பில் எங்கிருந்தோ தெம்பு வருகிறது. ஒரு பத்தி எழுத வராத பெண், விருந்து ஏற்பாட்டில் சுறுசுறுப்பின் உச்சத்துக்குப் போகிறாள். எழுத்து வேலை தலைக்கு மேல் நிற்கும் நாளில் எனக்கும் அலமாரி அடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அந்த எபிசோடைப் பார்த்தபோது முதலில் சிரித்தேன், அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

அவள் திறமை இல்லாதவள் என்று தொடர் எங்கேயும் சொல்வதில்லை. அவளுக்குப் பயம். எழுதிப் பார்த்தால்தானே தன்னால் முடியுமா முடியாதா என்று தெரியும். எழுதாதவரை எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு பெண்கள் பத்திரிகைக்கு வேலை கேட்டுப் போகும்போதும் இதே பயம்தான் உளறலாக வெளியே வருகிறது. இரண்டாம் சீசனில் வெளிநாடு சுற்றிவிட்டுத் திரும்பி வந்த பிறகு, கையில் காசு இல்லாமல் ஓர் உணவகத்தின் சமையல்கட்டில் வேலைக்குப் போகிறாள். அங்கேயும் மனதுக்குள் அவள் எழுத்தாளர்தான்.

டிம்மின் நிலையும் அதுதான். வெளியில் தெரியாமல் மறைப்பதில் அவன் கெட்டிக்காரன், அவ்வளவே. ஒரு காமிக்ஸ் கடையில் கல்லாவில் நிற்கிறான், இரவில் கரடியை நாயகனாக்கித் தன் காமிக்ஸை வரைகிறான், ஆனால் யாரிடமும் கொண்டுபோய்க் காட்டுவதில்லை. இரண்டாம் சீசனில் ஒருவழியாக அவன் படங்கள் ஒரு காமிக்ஸ் பதிப்பகத்துக்குப் போகின்றன. அதே பதிப்பகத்தின் தலைவரைக் கேலி செய்து அவன் வரைந்த படம் ஒன்றும் அந்தக் கட்டுக்குள்ளேயே போய்விடுகிறது! அதை அந்த ஆள் திறந்து பார்ப்பதற்குள் மீட்டுக்கொண்டு வர நடக்கும் ஓட்டம்தான் அந்த எபிசோடு முழுவதும்.

பக்கத்து அறையில் தன்னைப் போலவே வேலையைத் தள்ளிப்போடும் இன்னோர் ஆள் இருந்தால் என்ன ஆகும்? இருவரும் சேர்ந்து கெட்டுப் போகலாம். இல்லை, ஒருவரை ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வேலையில் உட்கார வைக்கலாம். இந்த வீட்டில் இரண்டுமே நடக்கிறது. இந்தத் தொடரை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதற்காகத்தான்.

அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்காரம்மா மார்ஷா க்ளைன். வேடத்தில் ஜூலியா டீக்கின். கையில் எப்போதும் சிகரெட், இன்னொரு கையில் சிவப்பு ஒயின். ஆம்பர் என்று ஒரு மகள் உண்டு. அந்தப் பெண்ணின் முகத்தைத் தொடர் முழுவதிலும் நாம் பார்க்க முடியாது, சண்டைச் சத்தம் மட்டும்தான். மார்ஷாவைப் பார்த்துச் சிரிக்கத்தான் தொடங்குவோம். போகப் போக, இந்த வீட்டிலேயே மிகத் தனியாக இருப்பவர் அவர்தான் என்பது தெரியவரும்.

கீழே குடியிருப்பவன் பிரையன் டாப், ஓவியன். மார்க் ஹீப் நடித்திருக்கிறார். நீங்கள் எதை வரைவீர்கள் என்று கேட்டால், கோபம், வலி, பயம், ஆக்ரோஷம் என்று ஒவ்வொரு சொல்லாக, அதை அனுபவித்துக்கொண்டே சொல்வான். கண், கழுத்து, விரல் என்று உடம்பே அந்தச் சொல்லாக மாறும். எதிரில் இருப்பவர், வாட்டர்கலரா என்று சாதாரணமாகக் கேட்பார். ஹீப்பின் முகம் அப்போது போகும் போக்கை எழுதிக் காட்ட முடியாது.

டெய்ஸியின் தோழி ட்விஸ்ட். ஃபேஷன் துறையில் இருக்கிறேன் என்பாள். வேலை பார்ப்பது ட்ரை கிளீனிங் கடையில். நடித்தவர் கேட்டி கார்மைக்கேல்.

அப்புறம் மைக் வாட், நடித்தவர் நிக் ஃபிராஸ்ட். டிம்மின் பால்ய நண்பன், ராணுவப் பைத்தியம், எப்போதும் ராணுவ உடுப்பு. பகுதிநேர ராணுவமான டெரிடோரியல் ஆர்மியில் இருந்தவன், பீரங்கி வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு பாரிஸைப் பிடிக்கப் புறப்பட்டதால் வெளியே அனுப்பப்பட்டவன். இவ்வளவு முரட்டு ஆள், டிம் ஒரு வார்த்தை கடிந்து பேசினால் குழந்தை மாதிரி முகம் வாடிவிடுவான். ஆண்களின் நட்பை இவ்வளவு வெளிப்படையான பாசத்தோடு காட்டிய நகைச்சுவைத் தொடர் அந்தக் காலத்தில் அரிது.

டெய்ஸி வளர்க்கும் நாயின் பெயர் கோலின். டிம்முக்கு நாய் என்றால் பயம்.

நிக் ஃபிராஸ்டுக்கு இதுதான் முதல் வேடம் என்பது உண்மையா?

தொலைக்காட்சியில் அவர் ஏற்ற முதல் பெரிய வேடம் இதுதான். நடிகராக வேண்டும் என்று வந்தவர் இல்லை. லண்டனில் ஒரு மெக்சிகன் உணவகத்தில் பரிமாறிக்கொண்டிருந்தவர், சைமன் பெக்கின் நண்பர், இருவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்கள். நண்பர்களைச் சிரிக்க வைக்க அவர் அடிக்கடி ராணுவக்காரன் மாதிரி பேசிக் காட்டுவார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் பெக் மைக் பாத்திரத்தை எழுதினார். டிம், மைக் இருவரும் வரும் காட்சிகளில் தெரியும் நெருக்கம் ஒத்திகையில் வந்தது இல்லை.

பின்னணியில் சிரிப்புச் சத்தமே வரவில்லையே?

வராது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்கள் பெரும்பாலும் அரங்கில், பார்வையாளர்கள் முன்னால், பல கேமராக்களை வைத்து எடுக்கப்பட்டவை. சோபா, கதவு, மாடிப்படி, சிரிப்பொலி. 'ஸ்பேஸ்டு' ஒற்றைக் கேமராவோடு சினிமா மாதிரி எடுக்கப்பட்டது. எட்கர் ரைட் சின்னச் சின்ன விஷயங்களையெல்லாம் அதிரடிப் படக் காட்சி மாதிரி வெட்டுவார். ஒருவன் தேநீர் போடுவது, கதவைத் திறப்பது, சட்டையை மாட்டுவது எல்லாம் சட்சட்டென்று நெருக்கமான துண்டுகளாக வந்து விழும். கேமரா ஒரு முகத்திலிருந்து திரும்பினால் இடம் மாறியிருக்கும், நேரமும் மாறியிருக்கும்.

வெறும் வித்தை என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிம்மும் மைக்கும் சினிமாவும் வீடியோ கேமும் பார்த்தே வளர்ந்தவர்கள். தங்கள் வாழ்க்கையை அவர்கள் மனதுக்குள் எப்படிப் பார்க்கிறார்களோ அப்படியேதான் கேமராவும் பார்க்கிறது. வேலையில்லாத ஒருவனின் செவ்வாய்க்கிழமை மதியம் அவன் தலைக்குள் எவ்வளவு பெரிய சாகசம் என்பதை இதைவிட நன்றாக எப்படிக் காட்ட முடியும்?

ஆங்கிலப் படங்கள் நிறையப் பார்த்திருந்தால்தான் புரியுமா?

இந்தப் பயத்தில்தான் பலர் தொடங்காமலே விட்டுவிடுகிறார்கள். படக் குறிப்புகள் ஏராளமாக வரும், மறுப்பதற்கில்லை. ரசிகர்களுக்காக, எந்த நிமிடத்தில் எந்தப் படத்தின் சாயல் என்று திரையின் அடியில் எழுத்தாகக் காட்டும் வசதியே இதன் டிவிடியில் இருக்கிறது. ஆனால் நல்ல காட்சிகளுக்கு அந்தப் பட்டியல் தேவையே இல்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். இரண்டாம் சீசனின் ஐந்தாவது எபிசோடில் ஒரு ரவுடிப் பையன்கள் கும்பல் டிம்மையும் டெய்ஸியையும் வழிமறிக்கிறது. அடி நிச்சயம். தப்பிக்க வழியில்லை. டிம் மெல்லக் கையைத் தூக்கி, இரண்டு விரலை நீட்டித் துப்பாக்கி மாதிரிப் பிடிக்கிறான். எதிரில் நிற்பவர்கள் ஒரு கணம் பார்க்கிறார்கள். பிறகு அவர்கள் கையும் அப்படியே எழுகிறது. அவ்வளவுதான், காட்சி மெதுவாக ஓடத் தொடங்குகிறது. விரலாலேயே சுடுகிறார்கள், சுடப்பட்டவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறான், அடிக்க வந்தவர்கள் அடிப்பதை மறந்துவிட்டு முழு மனதோடு விழுந்து சாகிறார்கள். தெருவில் விரலை நீட்டி "டிஷ்யூம்" என்று சுட்டு விளையாடிய எவருக்கும் இது புரியும். விளையாட்டு அழைத்தால் மறுக்க முடியாத சிறுவன் ஒருவன் எல்லா முரடனுக்குள்ளும் இருக்கிறான் என்பதுதான் அந்தக் காட்சி. அதற்கு எந்தப் படம் பார்த்திருக்க வேண்டும்?

'ஸ்டார் வார்ஸ்' மட்டும் விதிவிலக்கு. அந்தப் படங்கள் டிம்முக்கு மதம் மாதிரி. 1999-இல், அதாவது இந்தத் தொடர் தொடங்கிய அதே ஆண்டில், அந்த வரிசையில் 16 வருடம் கழித்து வந்த புதுப் படம் அவன் நெஞ்சை உடைத்துவிட்டது. இரண்டாம் சீசனில் தான் சேர்த்துவைத்த பொம்மைகளையும் சாமான்களையும் குவித்துச் சிதை மூட்டுகிறான். கடைக்கு வந்து அந்தப் படத்தின் ஜார் ஜார் பொம்மையைக் கேட்ட ஒரு சின்னப் பையனிடம் தொண்டை கிழியக் கத்தி, வேலையையும் இழக்கிறான். கடைக்காரர் பில்போ வேடத்தில் பில் பெய்லி. படத்தைப் பார்த்திருந்தால் கூடுதலாகச் சிரிக்கலாம். பார்க்காவிட்டாலும், தான் வளர்ந்த உலகம் தன்னைக் கைவிட்டுவிட்டதாக நினைக்கும் ஒரு மனிதனின் துக்கம் புரிந்துவிடும்.

'ஷான் ஆஃப் த டெட்' படம் இதிலிருந்துதான் வந்ததா?

ஆமாம். முதல் சீசனின் மூன்றாவது எபிசோடில் டிம் இரவெல்லாம் கண்விழித்து 'ரெசிடென்ட் ஈவில் 2' விளையாடுகிறான். தூக்கம் இல்லை, மட்டமான போதைப் பொருள் வேறு. மறுநாள் பார்க்கும் ஆட்கள் எல்லாம் அவன் கண்ணுக்கு ஸோம்பியாகத் தெரிகிறார்கள். அந்தச் சில நிமிடங்களை எடுத்தபோது வந்த உற்சாகத்தில், முழு நீள ஸோம்பிப் படமே எடுத்தால் என்ன என்று பெக்குக்கும் ரைட்டுக்கும் தோன்றியது. 2004-இல் படம் வந்தது. நிக் ஃபிராஸ்டும் அதில் உண்டு.

அந்தப் படத்தில் 'ஸ்பேஸ்டு' ரசிகர்களுக்காகவே ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். நாயகன் தன் கும்பலோடு தப்பித்துப் போகும்போது எதிரில் இன்னொரு கும்பல் வருகிறது. இங்கே ஒரு அம்மா என்றால் அங்கேயும் ஒரு அம்மா, இங்கே ஒரு நண்பன் என்றால் அங்கேயும் ஒருவன், கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. அந்தக் கும்பலை நடத்திக்கொண்டு வருகிறவர் ஜெசிகா ஹைன்ஸ். ஜூலியா டீக்கினும் கூடவே நடந்து போகிறார்.

சைக்கிள் கூரியர்க்காரர் யார்?

டைரஸ். வேடத்தில் மைக்கேல் ஸ்மைலி. முதல் சீசனின் ஆறாவது எபிசோடு அவருடையது. டெலிபோன் மணியடித்தால் அவர் காதில் அது தாளம், கெட்டில் கொதித்தால் தாளம். உடம்பு தானாக ஆடத் தொடங்கிவிடும். எல்லோரையும் அவர் இரவு நடன விடுதிக்கு அழைத்துப் போகிறார். அங்கே கதைத் திருப்பம் எதுவும் கிடையாது. யாரும் யாரையும் புண்படுத்துவதும் இல்லை. எல்லோரும் ஆடுகிறார்கள், எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். ஒரு நகைச்சுவைத் தொடர் சிரிப்பைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு மகிழ்ச்சியை மட்டும் காட்டிய அந்த எபிசோடுதான் எனக்குப் பிடித்தது.

டைட்டிலில் ஜெசிகா ஸ்டீவன்சன் என்று வருகிறது. ஹைன்ஸ் வேறு ஆளா?

ஒரே ஆள்தான். தொடர் வந்தபோது ஸ்டீவன்சன் என்ற பெயரில் எழுதி நடித்தார், 2007 வாக்கில் திருமணப் பெயரான ஹைன்ஸுக்கு மாறினார். பிறகு 'ட்வென்ட்டி ட்வெல்வ்', 'டபிள்யூ1ஏ' தொடர்களில் நடித்தார். இரண்டாவதற்காக 2015-இல் பாஃப்டா விருதும் வாங்கினார்.

பெயர் மாறியதாலோ என்னவோ, 'ஸ்பேஸ்டு' என்றாலே பெக், ரைட், ஃபிராஸ்ட் என்று மூன்று ஆண்களின் பெயரை மட்டும் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. அந்த மூவரும் சேர்ந்து அடுத்தடுத்துப் படங்கள் செய்து உலகப் புகழ் பெற்றதும் ஒரு காரணம். எனக்கு இது வருத்தம். தொடரில் சரிபாதி அவருடையது. டெய்ஸி இல்லாவிட்டால் டிம் வெறும் பொம்மை சேகரிக்கும் இளைஞன், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் மறுபடி எடுத்தார்களாமே?

எடுத்தார்கள், ஓடவில்லை. 2007-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சிக்காக ஓர் அமெரிக்க வடிவம் தயாராவதாக அறிவிப்பு வந்தது. இயக்குநர் மெக்ஜி அதன் தயாரிப்பாளர்களில் ஒருவர். மூலத் தொடரை உருவாக்கியவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அறிவிப்பில் பெக், ரைட் பெயர்கள் மட்டும் இருந்தன, ஏதோ அவர்களும் கூட இருப்பது மாதிரி. எட்கர் ரைட் வெளிப்படையாகவே கோபப்பட்டார். கேட்காமல் எடுத்தது ஒரு பக்கம் இருக்கட்டும், இணைந்து உருவாக்கிய ஜெசிகாவின் பெயரை விட்டதும் அவரைக் கோபப்படுத்தியது. முன்னோட்டமாக ஒரு எபிசோடு எடுத்தார்கள். தொலைக்காட்சி அதைத் தொடராக எடுத்துக்கொள்ளவில்லை. 2008-இல் மூலத் தொடர் அமெரிக்காவில் முறையாக டிவிடியில் வந்தது, அங்கே உள்ளவர்கள் அசலையே பார்த்துவிட்டார்கள்.

டிம்மும் டெய்ஸியும் கடைசியில் சேர்கிறார்களா?

முன்பே சொன்ன எச்சரிக்கை இதற்குத்தான்.

முதல் சீசன் முழுவதும் இருவரும் நண்பர்கள். இரண்டாம் சீசனில் டிம்முக்கு சோஃபி என்று ஒரு காதலி வருகிறாள், காமிக்ஸ் பதிப்பகத்தில் வேலை பார்ப்பவள். டெய்ஸிக்கு அது உறுத்துகிறது. உறுத்துவதை ஒத்துக்கொள்ளவும் அவளால் முடியவில்லை. ஆறாவது எபிசோடில் பொய் உடைகிறது. தாங்கள் தம்பதி இல்லை என்பது மார்ஷாவுக்குத் தெரிந்துவிடுகிறது. வீடு கிடைக்கச் சொன்ன பொய்தானே, இதில் என்ன பெரிய குற்றம் என்று அவர்கள் நினைக்கலாம். ஆனால் மார்ஷா அவர்களைத் தன் குடும்பமாகவே நினைத்துவிட்டார். அவருக்கு இது துரோகம். வீட்டையே விற்றுவிட்டுப் போகத் தயாராகிறார்.

கடைசி எபிசோடில் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து அவரைத் திருப்பி அழைத்துவரப் போகிறார்கள். மைக் எப்படியோ ஒரு பீரங்கி வண்டியைக் கொண்டுவருகிறான்! இத்தனை நாள் நாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இந்த இருவரும் சேர்வார்களா என்பது. தொடர் நமக்குக் காட்டும் பெரிய சமாதானமோ, குடித்தனக்காரர்களுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் நடுவில் நடக்கிறது. டிம்மும் டெய்ஸியும் ஒரே வீட்டில், பழையபடி, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். முத்தம் இல்லை, கல்யாணம் இல்லை. ஆனால் யாரும் வீட்டை விட்டுப் போகவில்லை.

பின்னாளில் 2004-இல் வந்த டிவிடி தொகுப்பின் ஆவணப் படத்தின் கடைசியில், அந்த வீட்டில் இருவரையும் ஒரு குழந்தையோடு சில நொடிகள் காட்டுகிறார்கள். ரசிகர்களுக்கு அவர்களே கொடுத்த பரிசு அது. கதையில் சேர்த்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

மூன்றாவது சீசன் வருமா?

வராது. 2001-க்குப் பிறகு எல்லோரும் வெவ்வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். அதோடு இது இருபது வயதுகளின் கதை. நாற்பதுகளில் டிம் இன்னும் அதே சோபாவில் கேம் விளையாடிக்கொண்டிருந்தால் சிரிப்பு வராது, கவலைதான் வரும். 14 எபிசோடிலேயே நின்றது நல்லது என்பதே என் எண்ணம்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

சின்னக் குழந்தைகள் வேண்டாம். கெட்ட வார்த்தைகள் தாராளமாக வரும், கஞ்சா, மற்ற போதைப் பொருள்கள் பேச்சிலும் காட்சியிலும் உண்டு. கல்லூரி வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம்.

எந்த எபிசோடில் தொடங்குவது?

முதலிலிருந்து. முதல் எபிசோடு கொஞ்சம் மெதுவாகத்தான் போகும், எல்லோரையும் அறிமுகப்படுத்த வேண்டுமே. மூன்றாவதற்குள் பிடித்துவிடும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன். சப்டைட்டிலோடு பாருங்கள், பேச்சு வேகமாக ஓடும். ஓரத்தில் ஒருவர் முணுமுணுக்கும் வாக்கியம் நாலு எபிசோடு தள்ளித் திரும்பி வரும்.

அந்த வீடு உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. மீட்டியோர் தெரு என்பது கற்பனைப் பெயர். வெளிப்புறக் காட்சிகளில் வரும் வீடு வடக்கு லண்டன் டஃப்னெல் பார்க் பகுதியில் கார்ல்டன் சாலையில் இருக்கிறது, எண் அங்கேயும் 23தான். ரசிகர்கள் தேடிப் போய்ப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். லண்டன் பாதாள ரயிலில் டஃப்னெல் பார்க் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம். அது ஒருவர் குடியிருக்கும் வீடு. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு, மணியை அடிக்காமல் வந்துவிடுங்கள்.